மூன்று டெஸ்டிமோனாக்கள்

நாடகம் ஒன்று, பாத்திரம் ஒன்று, அந்தப் பாத்திரம் உயிர்விடும் படுக்கையும் ஒன்று. ஆனால் அந்தப் படுக்கையிலே மூன்று நாட்களில் மூவர் கிடந்து மடிந்தனர். முதலாமவர் சிறுவர், இரண்டாமவர் ஆண் நடிகர், மூன்றாமவரே பெண். அம்மூவரின் கதையை இவ்வாரம் தோழர்கள் முன் வைக்க விரும்புகிறோம். எங்கோ இங்கிலாந்து நாட்டு மேடையின் வரலாறு, இதிலே நமக்கென்ன அலுவல் என்று எண்ணிவிட வேண்டா. பெண்மை என்பது பிறப்போடு வருவதா, பிறர் கற்பிப்பதா என்ற பெரிய வழக்கிலே அம்மூவரும் சாட்சிக் கூண்டேறி நிற்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்பது பகுத்தறிவாளர் கடமை.

நாடகம், ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'. கதையைப் பலர் அறிவர். வெனிசு நகரத்துச் சீமானின் மகள் டெஸ்டிமோனா, தந்தையின் விருப்பத்தை மீறி, கறுத்த நிறத்தவனான படைத்தலைவன் ஒத்தெல்லோவை மணக்கிறாள். வஞ்சகன் இயாகோ கணவனின் செவியிலே நஞ்சூட்டுகிறான். ஒரு கைக்குட்டை சான்றாகிறது. விசாரணை இல்லை, அவள் வாதாட இடமில்லை, படுக்கையிலேயே மூச்சடக்கிக் கொன்றுவிடுகிறான் கணவன். கொன்ற பிறகே உண்மை தெரிகிறது. பெண்ணுக்கு வழங்கப்படும் நீதி பெரும்பாலும் அந்த வரிசையில்தானே வருகிறது - முதலிலே தண்டனை, பிறகு விசாரணை!

மூன்று சாட்சிகள்

முதல் சாட்சி: 1610 ஆம் ஆண்டு செப்டம்பர் திங்கள், ஆக்ஸ்போர்டு நகரம். மன்னரின் நாடகக் குழு அங்கே சென்று 'ஒத்தெல்லோ' நடத்தியது. அதைக் கண்ட ஹென்றி ஜாக்சன் என்ற கல்லூரி அறிஞர், நண்பருக்கு இலத்தீன் மொழியில் மடல் தீட்டினார். டெஸ்டிமோனா எப்போதுமே நன்றாக நடித்தாள். எனினும் கொலையுண்டு படுக்கையிலே கிடந்தபோதுதான் நெஞ்சை மிக உருக்கினாள். அவள் முகமே காண்போரிடம் இரக்கத்தை இறைஞ்சியது என்பது அம்மடலின் கருத்து. மடல் முழுதும் 'அவள்' என்றே குறிக்கிறார். ஆனால் அங்கே 'அவள்' இல்லை. படுக்கையிலே கிடந்தவன் ஒரு பையன்!

இரண்டாம் சாட்சி: 1660 ஆம் ஆண்டு அக்டோபர் 11 ஆம் நாள், இலண்டன் மாநகரின் காக்பிட் அரங்கு. கடற்படை அலுவலகத்துப் பணியாளர் சாமுவேல் பீப்ஸ் என்பார் நாடகம் காணச் சென்றார். நாள்தோறும் நாட்குறிப்பு எழுதும் பழக்கமுடையவர் அவர். டெஸ்டிமோனாவின் மூச்சு அடக்கப்பட்டபோது, தம் அருகே அமர்ந்திருந்த அழகிய பெண்மணி ஒருத்தி வாய்விட்டு அலறிவிட்டாள் என்று அன்றைய குறிப்பிலே பதிவு செய்துள்ளார். மேடையிலே மடிந்தது ஆண். அவனைப் பெண்ணென்றே எண்ணி அலறியது பெண்! கண்ணீர் விடப் பெண்ணுக்கு அரங்கிலே இடமுண்டு. அந்தக் கண்ணீரை நடித்துக் காட்ட மட்டும் இடமில்லை.

மூன்றாம் சாட்சி: அதே ஆண்டு டிசம்பர் 8 ஆம் நாள். வியர் தெருவிலே, பந்தாட்டக் கூடமொன்றைத் திருத்தி அமைத்த கொட்டகை. நாடகம் தொடங்குமுன், தாமஸ் ஜோர்டன் என்ற கவிஞர் எழுதிய முன்னுரைப் பாட்டு சொல்லப்படுகிறது. இன்று நீங்கள் காணப்போவது உண்மையான பெண். பாவாடை கட்டிய பையனல்ல. அவள் உடுத்துவதை நானே பார்த்தேன் என்னும் பொருள்பட, குறும்புடன் அறிமுகம் செய்கிறது அந்தப் பாட்டு. பிறகு டெஸ்டிமோனா வருகிறாள். பொதுமக்கள் கட்டணம் கொடுத்துப் பார்க்கும் இங்கிலாந்து மேடையிலே, தொழில்முறை நடிகையாகப் பெண்ணொருத்தி தோன்றிய நாள் அதுவே என்று வரலாற்றாசிரியர் கொள்கின்றனர்.

அவள் பெயர் என்ன? மார்கரெட் ஹியூஸ் என்பர் சிலர். ஆன் மார்ஷல் என்பர் வேறு சிலர். முன்னுரை எழுதியவர் பெயர் இருக்கிறது. நாள் இருக்கிறது. தெருவின் பெயர் இருக்கிறது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே நுழைந்தவளின் பெயரை மட்டும் எவரும் எழுதி வைக்கவில்லை!

அரியணையில் அரிவை, அரங்கிலோ ஆண்!

1558 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்டவர் எலிசபெத் அரசியார். ஸ்பெயின் நாட்டுப் பெருங்கடற்படை 1588 இல் படையெடுத்தபோது நாட்டைத் தலைமை தாங்கி நின்றவர். அவர் காலத்திலேதான் ஆங்கில நாடகம் அரும்பி மலர்ந்தது. 1576 இல் ஜேம்ஸ் பர்பேஜ் இலண்டன் புறநகரிலே நிலையான நாடகக் கொட்டகை அமைத்தார். 1599 இல் குளோப் அரங்கு எழுந்தது. நாடாண்டாள் நங்கை, ஆனால் அவள் ஆண்ட நாட்டிலே, அரசி வேடத்தைக்கூட ஒரு பையன்தான் புனைய வேண்டும்!

பெண் நடிக்கக் கூடாதென்று நாடாளுமன்றம் சட்டம் ஏதும் இயற்றியிருந்ததா? இல்லை. வழக்கம் - அவ்வளவே. சட்டமென்றால் எதிர்த்து வாதாடலாம், திருத்தலாம், நீக்கலாம். வழக்கத்துக்கோ எழுதியவன் இல்லை, கையொப்பமிட்டவன் இல்லை. ஆகவே குற்றவாளியும் இல்லை. 'தொன்றுதொட்டு வருவது' என்ற நான்கு எழுத்துப் பூட்டைவிட வலிய பூட்டை எந்தக் கொல்லனும் செய்ததில்லை என்று சொல்லத் தோன்றுகிறது; எண்ணிப் பார்த்தால் எழுத்துகள் நான்கினும் மிகுதி, பூட்டின் வலிவோ அதனினும் மிகுதி!

குழுவின் மூத்த நடிகரிடம் பையன்கள் பயிலுநராகச் சேர்க்கப்பட்டனர். நம் நாடக மேடையிலே 'ஸ்திரீபார்ட்' என்று வழங்கினரே, அந்த வேலைக்குத்தான். அடியெடுத்து வைக்கும் விதம், கண்ணைத் தாழ்த்தும் விதம், குரலைக் குழைக்கும் விதம், அழுகையை அடக்குவது போல் காட்டும் விதம் - எல்லாம் பாடமாகச் சொல்லித்தரப்பட்டன. ஜூலியட், கிளியோபாத்ரா, மாக்பெத் சீமாட்டி - உலக இலக்கியம் போற்றும் இந்தப் பெண்கள் அனைவரும் பையன்களின் உடலிலே பிறந்தவர்கள். 'அஸ் யூ லைக் இட்' நாடகத்து ரோசலிண்டோ ஆணுடை அணிந்து காட்டிலே திரிகிறாள். அந்த வேடத்திலேயே பெண்ணாகவும் நடித்துக் காட்டுகிறாள். பையன் பெண்ணாகி, பெண் ஆணாகி, ஆண் மீண்டும் பெண்ணாகும் வேடிக்கை! ஆண்-பெண் என்ற வேலி எவ்வளவு மெல்லியது என்பது அந்நாளைய நாடக ஆசிரியனுக்குத் தெரிந்தேயிருந்தது. மதவாணருக்குத்தான் தெரியவில்லை.

வேதம் விரித்த வலை

விவிலியத்தின் உபாகமம் என்ற பகுதியில் 22 ஆம் அதிகாரத்தின் 5 ஆம் வசனம், ஆணும் பெண்ணும் ஒருவர் உடையை மற்றவர் அணிவதைக் கடவுளுக்கு அருவருப்பான செயலெனக் கண்டிக்கிறது. அந்த ஒரு வசனத்தைக் கையிலேந்திக் கொண்டு, தூய்மைவாதிகள் எனப்பட்ட கடுஞ்சமயத்தார் நாடகத்தின்மீது பாய்ந்தனர். 1579 இல் ஸ்டீபன் காசன் நூல் எழுதினார். 1583 இல் பிலிப் ஸ்டப்ஸ் எழுதினார். பெண் வேடம் புனையும் பையன் பாவி என்றனர்.

நன்று, அப்படியானால் பெண்ணே பெண் வேடம் புனையட்டுமே! உடை மாற்றும் பாவம் ஒழியுமே! நேர்மையான வாதமென்றால் அங்கேதான் சென்று முடிந்திருக்க வேண்டும். ஆனால் முடிந்ததா? 1629 இல் பிரெஞ்சு நாட்டு நாடகக் குழு ஒன்று இலண்டனிலே பெண்களை நடிக்கச் செய்தது. அவர்களைச் சீழ்க்கையடித்து, கூச்சலிட்டு, ஆப்பிள் பழங்களை வீசி மேடையினின்று விரட்டினார்கள் என்று அக்காலத்து மடலொன்று கூறுகிறது. ஆண் பெண்ணாக நடித்தால் அருவருப்பு. பெண் பெண்ணாக நடித்தால் ஒழுக்கக் கேடு! எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டும் சுவரை எழுப்பிவிட்டு, அதற்குத் 'தூய்மை' என்று பெயருமிட்டனர்.

1633 இல் வில்லியம் பிரின் என்ற வழக்கறிஞர் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூலொன்றை நாடகத்துக்கு எதிராக வெளியிட்டார். நடிக்கும் பெண்களை விலைமகளிர் என்று அதன் அட்டவணையிலேயே ஏசியிருந்தார். அதே காலத்தில் ஹென்றியட்டா மரியா அரசியார் அரண்மனையிலே தோழியரோடு நாடகமாடினார். ஏச்சு அரசியாரையே தாக்கியதாகக் கொள்ளப்பட்டது. 1634 இல் பிரினுக்கு 5,000 பவுன் அபராதம், ஆயுட்சிறை, பொதுவிடத்திலே செவிகளை அறுத்தல் என்று தீர்ப்பாயிற்று.

நாம் இதைக் கண்டு மகிழ மாட்டோம். செவியை அறுப்பது கருத்துக்கு மறுப்பாகாது. பிரினின் நூல் பெண்ணினத்தை இழிவு செய்தது. அரசனின் கத்தி அறிவையே இழிவு செய்தது. அதிலும் ஒன்றைக் கவனியுங்கள்: நடிக்கும் பெண்களெல்லாரையும் ஏசியதற்காகவா தண்டனை? அரசியார் ஒருவர் மேல் அந்தச் சேறு தெறித்ததற்காக! ஏழைப் பெண்ணை ஏசியிருந்தால் எந்த நீதிமன்றம் எழுந்திருக்கப் போகிறது?

1642 செப்டம்பரில், உள்நாட்டுப் போர் மூண்ட வேளையில், நாடாளுமன்றம் அரங்குகளை மூடிற்று. கடவுளின் சினத்தைத் தணிக்க நோன்பும் இறைஞ்சலும் வேண்டுமாம், களியாட்டம் கூடாதாம். 1648 இல் மேடைகளை இடிக்கவும், நடிகர்களைச் சவுக்கால் அடிக்கவும், பார்க்க வந்தவர்க்கு 5 ஷில்லிங் தண்டம் விதிக்கவும் ஆணை பிறந்தது. பதினெட்டு ஆண்டுகள் அரங்கம் இருண்டு கிடந்தது.

கதவு திறந்த கதை

ஆங்கிலேயர் அஞ்சி நடுங்கிய இந்தக் காட்சி, கடலுக்கு அப்பால் அன்றாடக் காட்சி. இத்தாலியிலே இசபெல்லா அந்திரெய்னி (1562-1604) என்ற நடிகை நாடுகள் புகழ நடித்தார், நூல்களும் இயற்றினார். ஸ்பெயின் 1587 இல் பெண்கள் மேடையேற இசைவு தந்தது. தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலப் பயணி 1608 இல் வெனிசு சென்றார். முன்னர்த் தாம் கண்டிராத புதுமையாக அங்கே பெண்கள் நடிப்பதைக் கண்டார். ஆண் நடிகர்களுக்கு ஒப்பாகவே நயம்பட நடித்தனர் என்று வியந்து எழுதினார். வியப்பின் அளவுகோலைப் பாருங்கள்! பெண் பெண்ணாக நடிப்பது நன்றாயிருக்கிறதா என்பதை, ஆண் பெண்ணாக நடித்ததோடு ஒப்பிட்டு அளக்கிறார். நகலை வைத்து மூலத்துக்கு மதிப்பெண்!

1656 இல், தடை நீடித்தபோதே, வில்லியம் டேவனன்ட் ஒரு சூழ்ச்சி செய்தார். நாடகமன்று, இசை நிகழ்ச்சி என்று சொல்லி 'ரோட்ஸ் முற்றுகை' என்ற கதையைத் தனியார் மாளிகையொன்றில் அரங்கேற்றினார். அதிலே கோல்மன் என்ற பாடகரின் மனைவி பெண் பாத்திரமேற்றுப் பாடினார். 1660 மே திங்களில் இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பி ஆட்சிப் பொறுப்பேற்றான். நாடு கடந்து வாழ்ந்த காலத்திலே ஐரோப்பிய அரங்குகளில் நடிகைகளைக் கண்டு பழகியவன் அவன். ஆகஸ்டு 21 ஆம் நாள், தாமஸ் கில்லிகுரூ, டேவனன்ட் ஆகிய இருவருக்கும் நாடகக் குழு நடத்தும் தனியுரிமை வழங்கினான். நான்கு திங்கள் கழிவதற்குள் டெஸ்டிமோனா வந்துவிட்டாள்.

1662 ஏப்ரல் 25 இல் கில்லிகுரூவுக்கு அளிக்கப்பட்ட அரச சாசனம், பெண் பாத்திரங்களை இனிப் பெண்களே நடிக்கலாமென உரைத்தது. காரணம் என்ன சொல்லிற்று? பெண்ணுக்குரிய உரிமையென்றா? திறமைக்குத் தடை கூடாதென்றா? இல்லை. ஆண்கள் பெண்ணுடை தரித்து நடிப்பது சிலர் மனத்தைப் புண்படுத்துகிறதாம். ஆகவே ஒழுக்கம் காக்க இந்த மாற்றமாம்! நேற்று எந்த ஒழுக்கத்தின் பெயரால் கதவு அடைக்கப்பட்டதோ, இன்று அதே ஒழுக்கத்தின் பெயரால் திறக்கப்படுகிறது. சாவி அரசனின் இடுப்பிலே. காசு கொட்டகைக்காரனின் பெட்டியிலே. பெண்ணைக் கேட்டு அடைத்தவரும் இல்லை. கேட்டுத் திறந்தவரும் இல்லை.

கினாஸ்டன் தரும் சான்று

அந்தக் கதவு திறந்தபோது வெளியே தள்ளப்பட்டவர்களில் ஒருவர் எட்வர்டு கினாஸ்டன். 1660 இல் ஏறத்தாழ இருபது வயது இளைஞர். ஆகஸ்டு 18 ஆம் நாள் அவரைப் பெண் வேடத்தில் கண்ட பீப்ஸ், தம் வாழ்நாளில் கண்ட பெண்களிலே இவளே பேரழகி, குரல்தான் அவ்வளவு நன்றாயில்லை என்று எழுதினார். 1661 சனவரி 7 இல் பென் ஜான்சனின் 'பேசா மடந்தை' நாடகத்தில் மூன்று தோற்றங்களில் வந்தார் கினாஸ்டன். பெண்ணாக வந்தபோது அரங்கிலே அவரினும் அழகிய பெண் இல்லை. ஆணாக வந்தபோது அவரினும் அழகிய ஆண் இல்லை என்பது பீப்ஸ் தந்த சான்று. சீமாட்டிகள் நாடகம் முடிந்ததும் வேடம் கலையாமலே அவரைத் தம் வண்டியிலேற்றிப் பூங்காவில் உலாவச் சென்றனராம். மன்னன் ஒருநாள் முன்னதாகவே வந்துவிட, நாடகம் ஏன் தொடங்கவில்லை என்று வினவ, அரசியாருக்கு இன்னும் முகச்சவரம் முடியவில்லை என்று விடையிறுத்தனராம்! 1740 இல் கோலி சிப்பர் என்ற நடிகர் தம் நூலிலே எழுதி வைத்த செய்திகள் இவை.

சிரித்துவிட்டுச் சிந்திப்போம்.

அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு - இந்நான்கும் பெண்ணுக்கு இயற்கை என்று நமக்குச் சொல்லித் தந்தனர். அங்கேயும் வேறு சொற்களில் அதையே சொன்னார்கள். இயற்கையென்றால் பயிற்சி எதற்கு? நெருப்புக்குச் சுடக் கற்றுத் தந்தவர் உண்டா? நீருக்கு ஓடக் கற்றுத் தந்தவர் உண்டா? சில ஆண்டுப் பயிற்சியிலே, சவரம் செய்துகொள்ளும் ஓர் இளைஞருக்கு அந்த நான்கும் அமைந்துவிட்டன. கூர்த்த கண்ணுடைய பீப்ஸே பேரழகி என்று எழுதும் அளவுக்கு அமைந்துவிட்டன! அப்படியானால் அவை உடலோடு வந்தவையல்ல, உடையோடு வந்தவை.

பையனுக்கு ஆசான் மேடையிலே கற்பித்தான். பெண்ணுக்கோ தாயும் தந்தையும் பாட்டியும் குருவும் வீட்டிலே கற்பித்தனர்: உரக்கச் சிரிக்காதே, நிமிர்ந்து பார்க்காதே, எதிர்த்துப் பேசாதே. பாடம் ஒன்றே. வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். பையன் நாடகம் முடிந்ததும் வேடத்தைக் கழற்றி மாட்டிவிட்டு, ஆணாக, உரிமையுள்ளவனாக வீட்டுக்குப் போனான். அவளுக்கு நாடகம் முடிவதேயில்லை. கழற்ற முயன்றால், கற்பு எங்கே என்று கேட்க ஆயிரம் இயாகோக்கள்!

அது வெறும் வெளித்தோற்றம், உண்மைப் பெண்மை வேறு என்பாரும் உண்டு. வேறாகவே இருக்கட்டும். அந்த வேறான உண்மை மேடையேறிப் பேசாதபடி வாயைக் கட்டியவர் எவர்? போலியை மேடையிலே நிறுத்தி, மெய்யை வீட்டிலே பூட்டி வைத்தவர், மெய்யின் பெருமையைப் பேசத் தகுதியற்றவர்.

கினாஸ்டனைப் பற்றி ஜெஃப்ரி ஹேட்சர் எழுதிய நாடகம், ரிச்சர்டு அயர் இயக்கத்தில் 'ஸ்டேஜ் பியூட்டி' என்ற திரைப்படமாக 2004 இல் வெளிவந்தது. வேடம் பறிபோன நடிகனின் வேதனையையும், அவனுக்கு உடை அணிவிக்கும் பணிப்பெண் மேடையேறும் துணிவையும் அது காட்டுகிறது. கலைஞனின் கற்பனைக்கு உரிமையுண்டு. வரலாற்றை அதிலிருந்து பிரித்தறியும் கடமை நமக்குண்டு. அரசனின் காதலி நெல் குவின் தூண்டுதலால் ஆணை பிறந்ததாகப் படம் கூறும். நெல் பிறந்தது 1650 என்றே பெரும்பாலோர் கொள்வர். 1662 இல் அவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி. கினாஸ்டனும் வீழ்ந்துவிடவில்லை. ஆண் பாத்திரங்களுக்கு மாறினார்; மன்னர் வேடங்களில் பெரும்புகழ் பெற்றார்; 1699 வாக்கிலே ஓய்வு பெறும்வரை நடித்தார். பெண்ணுக்கு இடம் தந்தால் ஆணுக்கு வாழ்வில்லை என்று இன்றும் அலறுவோருக்கு அவர் வாழ்வே விடை.

உள்ளே நுழைந்தவள் கண்டது

கதவு திறந்தது, காத்திருந்தது கண்ணியமா? உடைமாற்றும் அறைக்குள் சீமான்கள் தாராளமாக நுழைந்தனர். ஆணுடை அணிந்து காலழகு காட்டும் வேடங்களுக்கு நடிகைகளைத் தேடினர். 1660 முதல் 1700 வரை இலண்டன் மேடை கண்ட ஏறத்தாழ 375 நாடகங்களில் 89 இல் இத்தகைய வேடங்கள் இருந்தன. பெண்ணுடை அணிந்த பையனைக் கண்டு பாவமென்று பதறிய நாட்டிலே, ஆணுடை அணிந்த பெண்ணைக் காணக் கூட்டம் நெருக்கியடித்தது. உபாகமத்தின் அதே வசனத்தில் அதற்கும் தடையுண்டே! வசனம் எங்கே போயிற்று? கொட்டகைக்காரனின் காசுப்பெட்டி ஓசையிலே அமுங்கிப் போயிற்று. குழுவின் முன்னணி ஆண் நடிகர்கள் பங்குதாரர். நடிகைகளோ கூலிக்கு அமர்த்தப்பட்டவர்.

1692 டிசம்பர் 9 ஆம் நாள் இரவு. ஆன் பிரேஸ்கர்டில் என்ற புகழ்மிக்க நடிகையை, கேப்டன் ஹில் என்பவன், மோகன் பிரபு என்ற இளஞ்சீமானின் துணையோடு, படைவீரர்களை வைத்து வண்டியிலே தூக்கிச் செல்ல முயன்றான். அவளுடைய தாய் மகளை இறுகப் பற்றிக் கொண்டு கூவினாள். அக்கம்பக்கத்தார் ஓடிவர, முயற்சி முறிந்தது. தன்னை ஏற்க மறுத்ததற்கு வில்லியம் மவுண்ட்ஃபோர்ட் என்ற நடிகரே காரணமென்று ஐயுற்ற ஹில், அன்றிரவே தெருவில் அவரை வாளால் குத்தினான். மறுநாள் அவர் மாண்டார். ஹில் தப்பி ஓடினான். பிரபுவை விசாரித்தவர்கள் பிரபுக்கள்: 69 பேர் குற்றமற்றவன் என்றனர், 14 பேரே குற்றவாளி என்றனர். மேடையிலே ஒத்தெல்லோவின் ஐயம் கொன்றது. தெருவிலே ஹில்லின் ஐயம் கொன்றது. மேடைக் கொலையாளி தன் தவற்றை உணர்ந்து தன்னையே மாய்த்துக் கொள்வான். தெருவிலே அந்த ஐந்தாம் அங்கம் நடைபெறுவதில்லை!

அவளே அமைத்த அரங்கு

இவ்வளவுக்குப் பிறகும் அப்பெண்கள் பின்வாங்கவில்லை. அதுதான் நாம் நெஞ்சிலே பதிக்க வேண்டிய செய்தி. மேரி சாண்டர்சன், ஷேக்ஸ்பியரின் பெரும் பெண் பாத்திரங்களைப் பெண்ணின் குரலிலே முதன்முதல் பேசியவர்களுள் ஒருவர். இளைய நடிகைகளுக்கு ஆசிரியராகவும் விளங்கினார். எலிசபெத் பேரி, தாமஸ் ஆட்வேயின் 1680, 1682 ஆம் ஆண்டு நாடகங்களிலே காண்போரைக் கலங்கச் செய்தார். அவரைப் போன்ற நடிகைகளை மனத்திலே வைத்து, பெண்ணின் துயரையே நடுப்பொருளாகக் கொண்ட புதுவகைத் துன்பியல் நாடகங்களை எழுதத் தொடங்கினர் ஆசிரியர்கள். பாத்திரத்துக்கு ஏற்பப் பெண் வளைந்த காலம் மாறி, பெண்ணுக்கு ஏற்பப் பாத்திரம் எழுந்தது.

1670 இல் அஃப்ரா பென் என்ற பெண்மணியின் முதல் நாடகம் அரங்கேறிற்று. எழுத்தைத் தொழிலாகக் கொண்டு, எவர் தயவுமின்றி வாழ்ந்து காட்டிய முன்னோடி அவர். 1677 இல் அவர் இயற்றிய 'தி ரோவர்' பெரும் வெற்றி பெற்றது. ஆண் எழுதித்தந்த சொல்லைப் பேசிய பெண், பத்தே ஆண்டுகளில் தன் சொல்லைத் தானே எழுதத் தொடங்கிவிட்டாள்!

1695 இல் மற்றொரு திருப்பம். கொட்டகை முதலாளியின் கொடுமை பொறுக்காமல் நடிகர்கள் வெளியேறித் தனிக்குழு கண்டனர். அதன் தலைமையிலே நின்றவர் மூவர்: தாமஸ் பெட்டர்டன், எலிசபெத் பேரி, ஆன் பிரேஸ்கர்டில். மூன்றிலே இருவர் பெண்கள்! தூக்கிச் செல்ல வண்டி கொண்டுவரப்பட்டதே, அந்த ஆன் பிரேஸ்கர்டில், மூன்றாண்டு கழியுமுன் பங்குதாரராக நின்றார். ஏப்ரல் 30 ஆம் நாள் காங்கிரீவின் 'லவ் ஃபார் லவ்' நாடகத்தோடு அவர்களது அரங்கு திறந்தது. பெயர் எழுதப்படாமல் ஒருத்தி நுழைந்தாள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் உரிமப் பத்திரத்திலே பெண்களின் பெயர் ஏறிவிட்டது.

கதவைத் திறந்தவன் அரசன்தான், மறுக்கவில்லை. அவன் நோக்கம் உயர்ந்ததன்று. ஆயினும், தாழ்ந்த நோக்கத்தோடு திறக்கப்பட்ட கதவையும், நிமிர்ந்து நுழைபவர் தம் உரிமை வாயிலாக்கிக் கொள்ள முடியும். அந்தப் பெண்கள் ஆக்கிக் கொண்டனர். சலுகையாக வந்ததை உழைப்பால் உரிமையாக்குவது எப்படி என்பதற்கு அவர்கள் வாழ்வு பாடம்.

தோழர்களே! நாடகம் பார்க்கும்போது நாம் நடிகரை மட்டும் பார்க்கிறோம். பாத்திரத்தை எழுதியவன் எவன், அதைப் பயிற்றுவித்தவன் எவன் என்று கேட்பதில்லை. இனிக் கேட்போம். மேடையில் மட்டுமல்ல, வீட்டிலும் கேட்போம். நம் தங்கை தலை குனிந்து நிற்கும்போது, நம் மனைவி சொல்ல வந்ததை விழுங்கும்போது, அது அவள் இயல்பு என்று நகர்ந்துவிடாமல், இந்த வேடத்தை அவளுக்கு மாட்டியவர் யார் என்று கேட்போம். விடை, பெரும்பாலும், கண்ணாடியிலே தெரியும்.

1610 இல் அழவைத்தவன் பையன். 1660 அக்டோபரில் அலறவைத்தவன் ஆண். டிசம்பரில் வந்தவள் பெண். மூவரும் ஒன்றையே மெய்ப்பித்தனர்: பெண்மை என்று நாம் போற்றுவது ஒரு பாத்திரம், எவரும் ஏற்கலாம், எவரும் துறக்கலாம். துறக்கும் உரிமை இல்லாதவள் ஒருத்தி மட்டும்தான். அந்த உரிமையை அவள் பெறும் நாளில்தான் படுக்கையிலே கிடக்கும் டெஸ்டிமோனா எழுந்து உட்கார்ந்து, தன் பெயரைத் தானே சொல்வாள்.